கடுங்குளிரில் நெடுந்தூரப் பனிப்பாதை மிதிவண்டிப் பந்தயம்: கைவிரல்கள் உறையாமல் ஓட்டி முடிப்பது எப்படி?

கேள்வி: ஏரிக்கரையான், மினியாபொலிஸ்

அனைவருக்கும் வணக்கம். நான் மினியாபொலிஸுக்குக் குடிவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் சில ஆண்டுகள் குளிர்காலம் வந்தாலே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தேன். பிறகு ஒரு நாள் நண்பர் ஒருவர் கொடுத்த, மிக அகலமான டயர்கள் கொண்ட ஃபேட் பைக் என்னும் மிதிவண்டியில் உறைந்த ஏரியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். அன்று முதல் மூன்று குளிர்காலங்களாக வாரம் தவறாமல் பனியில் ஓட்டிவருகிறேன்.

இப்போது என் மனம் முழுவதும் ஆரோஹெட் 135 பந்தயத்தின் மேல் இருக்கிறது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மினசோட்டாவின் வடகோடியில் கனடா எல்லையை ஒட்டியுள்ள இன்டர்நேஷனல் ஃபால்ஸ் ஊரில் ஜனவரிக் கடைசியில் அது தொடங்குகிறது. ஸ்னோமொபைல் எனப்படும் பனி மோட்டார் வண்டிகள் ஓடும் காட்டுப்பாதை வழியே டவர் என்னும் ஊர்ப் பக்கம் வரை 135 மைல், அதாவது ஏறத்தாழ 217 கிலோமீட்டர் செல்கிறது. மிதிவண்டியிலும் போகலாம், ஸ்கீயிலும் போகலாம், நடந்தும் போகலாம். எதில் போனாலும் 60 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.

என் தயக்கத்துக்குக் காரணம் சென்ற குளிர்காலத்தில் நான் கலந்துகொண்ட ஒரு சிறிய பந்தயம். தூரம் 80 கிலோமீட்டர்தான். புறப்படும்போது மைனஸ் 24 டிகிரி செல்சியஸ். குளிருக்கு அஞ்சி, கம்பளி உள்ளாடை, அதன் மேல் தடித்த ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட் என எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே அணிந்துகொண்டு, முன்னால் சென்றவர்களை விடக் கூடாது என்று முதல் 20 கிலோமீட்டரை வேகமாக ஓட்டினேன். உடல் நன்றாகச் சூடாகவே இருந்தது. ஏறக்குறைய 35-ஆவது கிலோமீட்டரில் மிதித்தால் பெடல் மட்டும் சுற்றியது, பின்சக்கரம் அசையவில்லை. இறங்கிக் கையுறைகளைக் கழற்றி, கால் மணி நேரம் அதோடு போராடினேன். ஒருவாறு அது மீண்டும் பிடித்துக்கொண்டபோது என் வலக்கையின் மூன்று விரல் நுனிகள் மெழுகு போல வெளுத்திருந்தன. கிள்ளினாலும் உணர்வு இல்லை. ஜாக்கெட்டின் உட்புறத்தில் வெண்பொடியாக உறைபனி படிந்திருந்தது. அதன் பிறகு எவ்வளவு மிதித்தும் உடல் சூடேறவில்லை. அடுத்த சோதனைச்சாவடியில் விலகிக்கொண்டேன். அந்த விரல்களில் பிறகு தெளிந்த நீர்க்கொப்புளங்கள் எழுந்து, உணர்வு முழுதாகத் திரும்ப ஏழு வாரங்கள் ஆயின.

என் கைகளைக் காப்பாற்ற இன்னும் தடித்த கையுறை வாங்குவதா, மின்சாரத்தால் சூடேறும் கையுறை வாங்குவதா, அல்லது என் உடல்வாகுக்கே இது ஒத்துவராது என்று விட்டுவிடுவதா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: வடகரை, டுலூத்

தம்பி, அந்தப் பாதையை நான் இரண்டு முறை ஓட்டி முடித்திருக்கிறேன், ஒரு முறை பாதியில் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் விரல்கள் 35-ஆவது கிலோமீட்டரில் உறையவில்லை. வேகமாக ஓட்டிய அந்த முதல் 20 கிலோமீட்டரிலேயே அவை உறையத் தொடங்கிவிட்டன. ஜாக்கெட்டின் உட்புறம் கண்ட வெண்பொடி வெளியிலிருந்து வந்த பனி அன்று. அது உங்கள் வியர்வை. நனைந்த ஆடை உடற்சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். மிதித்துக்கொண்டிருக்கும் வரை உடல் அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. இறங்கி நின்றதும் ஈடுகட்ட முடிவதில்லை. நடுவுடல் குளிர்ந்தால் இதயத்தையும் நுரையீரலையும் காப்பதற்காக உடல் முதலில் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைச் சுருக்கிவிடும். இரத்தம் வராத விரலுக்கு எவ்வளவு தடித்த கையுறை போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் கையுறை சூட்டைத் தடுத்து வைக்குமே தவிர உண்டாக்காது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை கையுறையில் இல்லை. வியர்க்காமல் ஓட்டுவதில் இருக்கிறது.

அதற்குப் புறப்படும்போதே குளிர வேண்டும். முதல் பத்து நிமிடம் நடுக்கம் இருந்தால் ஆடை சரி என்று பொருள். மைனஸ் 25-இல் மெல்லிய கம்பளி உள்ளாடையும் அதன் மேல் காற்றைத் தடுக்கும் ஒரு மெல்லிய மேலாடையும் ஓடும் நேரத்துக்குப் பெரும்பாலும் போதும். ஏற்றம் வருமுன்பே ஜிப்பை இறக்கிவிடுங்கள், தொப்பியைக் கழற்றிவிடுங்கள். வியர்த்த பிறகு செய்தால் காலம் கடந்துவிட்டது. இறக்கத்துக்கு முன் மீண்டும் மூடுங்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகாதீர்கள். முன்னால் போகிறவர்களைப் போக விடுங்கள்; 100 கிலோமீட்டருக்கு அப்பால் அவர்களில் பலரைக் கடந்து போவீர்கள்.

நிற்கும்போது செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, அதுவும் முதல் வேலையாக. சைக்கிளைச் சாய்க்குமுன், தண்ணீர் குடிக்குமுன், எது பழுதென்று குனிந்து பார்க்குமுன், இறகு அடைத்த தடித்த ஜாக்கெட்டை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்ளுங்கள். அது பையின் அடியில் இருக்கக் கூடாது. ஹேண்டில்பாரில் கட்டிய பையில், ஒரு கையால் உருவி எடுக்கும்படி இருக்க வேண்டும். நான் பாதியில் விட்ட ஆண்டு, "இரண்டு நிமிட வேலைதானே" என்று ஜாக்கெட்டை எடுக்காமல் டயருக்குக் காற்றடிக்க உட்கார்ந்தேன். அந்த இரண்டு நிமிடம் இருபது நிமிடமாயிற்று, பந்தயமும் அதோடு போயிற்று.

கைக்கு, ஹேண்டில்பாரோடு பொருத்தும் போகி எனப்படும் பெரிய உறைகளை வாங்குங்கள். அவற்றுக்குள் மெல்லிய கம்பளிக் கையுறை போதும். பிரேக்கும் கியரும் கைக்குள்ளேயே இருக்கும். உறைக்குள் ஒரு துண்டு சாக்லேட்டையும் வைக்கலாம், உறையாமல் இருக்கும். உலோகத்தைத் தொடும் எந்த வேலைக்கும் மெல்லிய கையுறையைக் கழற்றவே கழற்றாதீர்கள். மின்கையுறை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கடுங்குளிரில் லித்தியம் மின்கலம் தன் கொள்ளளவில் பெரும்பகுதியை இழக்கும். அதை நம்பி மற்ற ஏற்பாடுகளைக் குறைத்துவிடக் கூடாது.

பெடல் சும்மா சுற்றியது உங்கள் குற்றமில்லை, கிரீஸின் குற்றம். பின்சக்கரத்தின் நடுவே உள்ள ஹப் என்னும் குடத்துக்குள் சிறு கொக்கிகள் வில்லின் விசையால் எழுந்து பல்லைப் பிடிக்க வேண்டும். சாதாரண கிரீஸ் அந்தக் குளிரில் மெழுகாக இறுகி, கொக்கிகளை எழ விடாமல் செய்துவிடும். நவம்பரிலேயே ஹப்பைப் பிரித்துப் பழைய கிரீஸைச் சுத்தமாகக் கழுவி, கடுங்குளிருக்கென்று உள்ள மெல்லிய கிரீஸைச் சிறிதளவு இடச்சொல்லுங்கள். வழியில் நேர்ந்துவிட்டால், பின்பல் சக்கரத்தை ஸ்போக்குகளோடு பிளாஸ்டிக் நாடாக்களால் இறுகக் கட்டிவிட்டால் மிதிக்காமல் உருள முடியாதே தவிர, வண்டி ஓடும். நான்கைந்து நாடாக்கள் இருக்கையின் அடியில் எப்போதும் இருக்கட்டும்.

காற்றழுத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் புதியவர்கள் எல்லோரும் இதில் ஏமாறுகிறார்கள். 20 டிகிரி வெப்பமுள்ள வீட்டுக்குள் 10 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அலகு) அடித்த டயர், மைனஸ் 30-க்கு வெளியே வந்ததும் ஏறத்தாழ 6-க்கு இறங்கிவிடும். வீட்டுக்குள் 5 அடித்திருந்தால் வெளியே 2 கூட மிஞ்சாது. ரிம் தரையில் இடிக்கும். ஆகவே சைக்கிளை இரவு முழுவதும் வெளியே நிறுத்தி, காலையில் அங்கேயே அளந்து சரிசெய்யுங்கள். இறுகிய பாதையில் 8, பொடிப்பனியில் 4 என்று நான் தொடங்குவேன். பிறகு அளவுகோலை நம்புவதைவிட டயர் பனியில் பதிக்கும் தடத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பேன்.

உடல்வாகு என்று எதையும் நினைக்காதீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதே தவறைச் செய்து விலகுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

பதில்: காயக்கட்டு, செயின்ட் பால்

நான் தீக்காயப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இந்த ஊரில் குளிர்காலத்தில் பனிக்கடி நோயாளிகளும் எங்களிடம்தான் வருவார்கள். வடகரை அண்ணா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன், ஆனால் உங்கள் விரல்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

தோல் வெளுத்து, மரத்து, சூடேறியதும் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அது மேலோட்டமானது. கொப்புளம் எழுந்ததென்றால் திசு உண்மையாகவே உறைந்திருக்கிறது. தெளிந்த நீர் நிரம்பிய கொப்புளம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஓரளவு ஆறுதலான செய்தி. இரத்தம் கலந்த கொப்புளம் என்றால் ஆழம் அதிகம். எப்படியிருந்தாலும் ஒருமுறை பனிக்கடி பட்ட விரல் அடுத்த முறை இன்னும் எளிதில் பாதிக்கப்படும். எனவே மற்றவர்களுக்குச் சொல்லும் எல்லை உங்களுக்குப் பொருந்தாது. வலி வந்து, பிறகு அந்த வலி நின்றுபோகிறது பாருங்கள், அதைச் சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். உணர்வு போகிறது என்பதே அதன் பொருள். அந்தக் கணமே நின்று, விரல்களை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள்.

தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது என்ற பழைய வழக்கம் திசுவைக் கிழிக்கும். நெருப்பருகே காட்டாதீர்கள், உணர்வில்லாத விரல் வெந்துபோனாலும் உங்களுக்குத் தெரியாது. ஆழமாக உறைந்த விரலை, மீண்டும் உறையக்கூடிய இடத்தில் உருகவைக்கக் கூடாது. உருகி மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்காகும். பாதுகாப்பான கட்டடத்துக்குள் வந்த பிறகு 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அமிழ்த்த வேண்டும். மிகவும் வலிக்கும், வலிப்பது நல்லது. விரல் கறுத்தாலோ உணர்வு திரும்பாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து முதல் 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் தரும். கடுமையான பனிக்கடியில் விரலை அகற்றவேண்டிய நிலையைக் குறைப்பதற்கென்று ஐலோபிராஸ்ட் என்னும் மருந்துக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முன்பு இழந்திருக்கக்கூடிய விரல்கள் இன்று பிழைக்கின்றன, ஆனால் நேரத்தோடு வர வேண்டும்.

நீங்கள் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சோதனைச்சாவடியில் விலகிய உங்கள் முடிவு சரியானது. அந்தத் தெளிவு உள்ளவர்தான் போகத் தகுந்தவர்.

பதில்: மேட்டுநிலத்தான், இன்வர்னஸ்

ஸ்காட்லாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஸ்ட்ராத்பஃபர் என்னும் 24 மணி நேர மலைப்பாதைப் பந்தயம் ஜனவரியில் நடக்கிறது. அதில் ஏறத்தாழ 17 மணி நேரம் இருட்டு. இங்குள்ள குளிர் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். மைனஸ் 25-ஐப் பேசுகிற இழையில் இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உலர்ந்த குளிருக்குரிய அறிவுரையை ஈரக் குளிரில் அப்படியே பின்பற்றி நான் துன்பப்பட்டிருக்கிறேன். மழை, சேறு, உருகும் பனி மூன்றும் கலந்து வருமிடத்தில் ஆடை வெளியிலிருந்தே நனைந்துவிடும். அங்கே வியர்வையைத் தடுத்து மட்டும் தப்ப முடியாது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை காலுறையையும் கையுறையையும் முழுதாக மாற்றுவதே வழி. அந்தப் பந்தயம் ஒரே வட்டப்பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டுவது என்பதால் கூடாரத்தில் மாற்றுடை வைத்துக்கொள்ள முடிகிறது. ஆரோஹெட்டில் அந்த வசதி இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

கடுங்குளிரில் பலர் காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை மாட்டி, பாதத்தின் வியர்வை பூட்ஸுக்குள் ஊறாமல் தடுக்கிறார்கள். மெல்லிய காலுறை, பை, அதன் மேல் கம்பளிக் காலுறை, ஒரு அளவு பெரிய பூட்ஸ் என்ற வரிசை மைனஸ் 30-இல் அருமையாக வேலை செய்யும் என்று கேள்வி. பூச்சியத்தை ஒட்டிய குளிரில் அதைச் செய்து எட்டு மணி நேரத்தில் என் பாதங்கள் ஊறி வெளுத்து நடக்க முடியாமல் போனேன். மினசோட்டாவிலும் சில ஆண்டுகளில் ஜனவரியில் பனி உருகும் என்கிறார்கள். ஆகவே இரண்டுக்கும் ஆயத்தமாக இருங்கள். ஒரே முறையை மந்திரமாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

கேட்டவர்: ஏரிக்கரையான்

அண்ணா, அக்கா, மேட்டுநிலத்தான் ஐயா, மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நான் கையுறைக் கடைகளைப் பற்றிக் கேட்க வந்தேன். தவறு எங்கே தொடங்கியது என்பதே எனக்கு இப்போதுதான் விளங்கியது. இரண்டு கேள்விகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. கட்டாயப் பொருள்களின் பட்டியலில் அடுப்பும் எரிபொருளும் இருக்கின்றன. கோடை முகாம்களில் பயன்படுத்தும் திருகு உருளை கேஸ் அடுப்பு என்னிடம் உள்ளது; அது போதுமா? மேலும் வழியில் சாப்பிட என்ன எடுத்துப்போவது? சென்ற முறை கொண்டுபோன கடலை மிட்டாய் கல்லாகிவிட்டது, கடிக்கவே முடியவில்லை.

பதில்: வெள்ளைக்காடு, ஃபேர்பேங்க்ஸ்

இந்தக் கேள்விகளுக்காகவே உள்ளே வந்தேன். உங்கள் கேஸ் அடுப்பு போதாது. அந்த உருளைகளில் உள்ள பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும். கலவையில் உள்ள சிறிதளவு புரோப்பேன் மட்டும் எரிந்து தீர்ந்தபின், உருளை கனமாக இருக்கும், ஆனால் தீ வராது. ஒயிட் கேஸ் எனப்படும் திரவ எரிபொருளைப் பம்ப் அடித்து எரிக்கும் அடுப்பு வாங்குங்கள். ஆரோஹெட்டில் 8 அவுன்ஸ் எரிபொருள், மைனஸ் 29 டிகிரிக்கான தூக்கப்பை, காப்பிட்ட தண்ணீர்க்கலம் எல்லாம் கட்டாயம். 3000 கலோரி உணவு முடிவுக்கோட்டிலும் கையில் மிச்சம் இருக்க வேண்டும். கழுத்தில் கயிறு கட்டிய விசிலும் வேண்டும், ஏனென்றால் வாய் மரத்துப்போனால் கூச்சலிட்டு உதவி கேட்க முடியாது. அவற்றைச் சுமையாக எண்ணாதீர்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு ஒரு இரவில் தேவைப்பட்டதால் பட்டியலுக்குள் வந்தது என்று நினைத்துக் கட்டுங்கள்.

ஒயிட் கேஸில் ஒரு ஆபத்து உண்டு. அது மைனஸ் 35-இலும் உறையாது. அதே குளிரோடு திரவமாகவே இருக்கும். விரலில் ஒரு சொட்டு சிந்தினால் அது ஆவியாகும் வேகத்தில் தோல் உடனே உறைந்துவிடும். அடுப்பைக் கையாளும்போது அதற்கென்று ஒரு ரப்பர் கையுறை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அடிபட்ட உங்கள் வலக்கைக்கு இது கட்டாயம்.

உணவில் நீர் குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருந்தால் உறைந்தாலும் கடிக்கலாம். வறுத்த முந்திரி, வேர்க்கடலை, தட்டை, சின்னச் சின்னத் துண்டாக வெட்டிய வெண்ணெய் பிஸ்கட் எல்லாம் நன்று. பாகு கட்டிய எதுவும் வேண்டாம். கடலை மிட்டாய்தான் வேண்டுமென்றால் வீட்டிலேயே சுண்டுவிரல் நுனி அளவுக்கு உடைத்து, வாயில் ஊறவைக்கும்படி கொண்டுபோங்கள். தண்ணீர்ப் பையை முதுகில் உள்ளாடைக்கு மேலும் ஜாக்கெட்டுக்குக் கீழும் போட்டுக்கொண்டு, குடித்து முடித்ததும் குழாய்க்குள் ஊதி நீரைப் பைக்குத் திருப்பி அனுப்புங்கள். மறந்தால் ஐந்து நிமிடத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இங்கே ஃபேர்பேங்க்ஸில் பனி ஓட்டம் பழையது. 1987-இல் அலாஸ்காவில் இடிட்டாபைக் பந்தயம் தொடங்கியபோது சாதாரண டயர்களில்தான் போனார்கள், பாதி தூரம் தள்ளிக்கொண்டே. எங்கள் ஊர்க்காரர் சைமன் ராக்கோவர் 44 மில்லிமீட்டர் அகலத்தில் ஸ்னோகேட் ரிம்களைச் செய்து கொடுத்தார். 2005-இல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி என்னும் ஃபேட் பைக் வந்த பிறகுதான் அகல டயர் எல்லோருக்கும் கிடைத்தது. அந்தத் தள்ளிய தலைமுறையிடம் நான் கற்றது இதுதான்: குளிர்க்காற்று கனமானது, பள்ளத்திலும் ஆற்றுப்படுகையிலும் தேங்கும். அங்கே மைனஸ் 35 என்றால் அருகிலுள்ள மேட்டில் பத்து டிகிரி கூடுதலாக இருக்கலாம். நின்று தேநீர் போடுவதானால் மேட்டில் நில்லுங்கள். ஆரோஹெட்டின் முதற்பாதி சதுப்பு நிலம், மேடுகள் பிற்பாதியில்தான் நெருக்கமாக வரும். அதை மனத்தில் வைத்து நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த டிசம்பரில் ஒன்று செய்யுங்கள். மைனஸ் 20-க்குக் கீழே போகும் ஓர் இரவில், இரண்டு மணி நேரம் ஓட்டி உடல் சற்றுக் களைத்த பிறகு, உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வாருங்கள். உள்ளே போகாமல், தலைவிளக்கின் வெளிச்சத்தில், முதலில் தடித்த ஜாக்கெட்டை அணிந்து, கையுறையோடே அடுப்பைப் பொருத்தி, பனியை உருக்கி ஒரு லிட்டர் வெந்நீர் வையுங்கள். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், வெறும் பனியைப் போட்டால் பாத்திரம் தீய்ந்துபோகும். முதல் தடவை எனக்கு 50 நிமிடம் பிடித்தது, தீக்குச்சிப் பெட்டி இரண்டு முறை பனியில் விழுந்தது. ஐந்தாவது இரவில் 20 நிமிடத்தில் முடித்தேன். பிறகு தூக்கப்பைக்குள் நுழைந்து அங்கேயே காலை வரை படுங்கள். எப்படிப் போனது என்று இங்கே எழுதுங்கள். விரல்களின் நிலையையும் சேர்த்து எழுதுங்கள், செவிலியர் அக்காவும் பார்ப்பார்.